மறு ஓட்டம்

எங்கள் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியாது. குதிரையில் ஏற்றிவிட்டால் பறப்பார்கள். தரையில் இறக்கினால்தான் தொல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர வருகிற பையன் நின்ற இடத்திலேயே விழுவான். விழும்போதும் காலால் அங்கவடியைத் தேடுவான். ஒருவன் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் தன் இடது காதைத் தானே பிடித்து இழுத்துக்கொள்வான். இப்போது அவன் நாரின் நகரத்தில் போக்குவரத்துப் போலீஸாக இருக்கிறான்.

இவர்களுக்கு நொண்டவும் உருளவும் எறிந்ததைப் பிடிக்கவும் கற்றுக்கொடுப்பது என் வேலை. சின்ன வகுப்புகளுக்கு உடற்பயிற்சி வாத்தியார் நான். அரசாங்கம் கொடுத்த பந்து ஒன்று இருந்தது. ஒரு வசந்தத்தில் அதை மேலே எறிந்தோம். காற்று கணவாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து, அடுத்த முறை இரண்டு பந்தாக அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குக் கம்பளி நூல் உருண்டைதான் பந்து.

இரண்டாம் வகுப்பில் ஜிபார் என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு வலது கை முன்னே போனால் வலது காலும் கூடவே போகும். இடது கைக்கு இடது கால். குதிரை இப்படி ஒரு பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைத்து நடந்தால் அதற்கு ஜோர்கோ என்று பெயர். மேலே உட்கார்ந்திருப்பவனின் கிண்ணத்துத் தேநீர் சிந்தாது. விலை இரண்டு மடங்கு. அதையே ஒரு பெண்பிள்ளை செய்தால் பெயர் அதேதான், விலைதான் கிடையாது.

"ஏ ஜோர்கோ, உன்னைய எந்தச் சந்தையில வாங்குனாங்க?" என்பான் தாலாய். என் மகளுடைய நாத்தனாரின் பையன் அவன், அதே வகுப்பு.

ஜிபாரின் அம்மாவைக் கேட்டேன். "இவ தவழவே இல்ல வாத்தியாரே. பெஞ்சுல உக்காந்திருந்தா, ஒருநாள் எந்திரிச்சு நடந்துட்டா" என்றாள். அதுதான் விஷயம். ஏணியில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. தனியாக அவளை மட்டும் தவழவிட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று வகுப்பு முழுவதையும் கம்பளி விரிப்பில் தவழவிட்டேன். வலது மணிக்கட்டிலும் இடது கணுக்காலிலும் சிவப்பு நூல். சிவப்பெல்லாம் சேர்ந்து போகட்டும், பிறகு நூலில்லாதது சேர்ந்து போகட்டும்.

ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். "நிக்கத் தெரிஞ்ச புள்ளைய அனுப்பினேன். நீங்க திருப்பித் தவழ விடுறீங்களா?"

"ஆமாம்மா. மூணாம் வகுப்புல தொட்டில்ல போடுவோம்" என்றேன்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியவள் என் மகள் பெர்மெத். அவள்தான் அந்த வகுப்பின் டீச்சர். புருஷனின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, சண்டைக்கு வந்த தாயின் கண்ணெதிரிலேயே முழங்கால் போட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் தவழ்ந்தாள். பனிக்காலம் முழுவதும் தவழ்ந்தாள். ஜிபார் அழுதபோதெல்லாம் அவள் காதருகே போய், "கெட்ட காலுன்னு ஒண்ணு கிடையாதுடி. கத்துக்காத காலுதான் உண்டு" என்பாள். எனக்கு வந்த பெருமையில் கோட்டுப் பொத்தான் இரண்டு தெறித்துவிட்டது. ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

பனி உருகியபோது ஜிபாரின் கையும் காலும் மாறி மாறிப் போக ஆரம்பித்தன. மாறிப்போனதும் தெரிந்தது, அவள் காற்று மாதிரி ஓடுகிறவள். பெர்மெத்தான் அப்போது அந்த வாக்கைக் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"எங்க பையன் பாய்சாலுக்குக் கால்நூல் அறுக்கப்போறோம். நீயும் ஓடணும். மொதல்ல வந்தா நீதான் அறுக்கணும், சரியா?"

நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் கட்டி நிறுத்துவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் வருகிறவர் அறுக்க வேண்டும். அறுத்தவரின் நடையும் குணமும் குழந்தைக்கு வரும் என்பார்கள். என் நூலை அறுத்தவன் பிற்பாடு குதிரைத் தரகன் ஆனான். அதனால் என் பேச்சை நம்ப வேண்டாம் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிவைப்பாள்.

ஜிபார் வீட்டில் கத்தி பழகினாள். அந்த வீட்டில் முறுக்கிய நூல் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் அப்பா கால்சட்டை நாடா இல்லாமல், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பால் கறந்தார்.

விருந்து என் சம்பந்தி மூசாகுன் வீட்டில். ஜோர்கோக் குதிரை வளர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஊரே வந்திருந்தது. விருந்துக் கூடாரத்துக்கு முன்னால் என் பேரன் பாய்சால் கால்கட்டோடு, குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டு நின்றான். பிள்ளைகளை ஓடைக்கரையில் நிறுத்தி, சம்பந்தி துண்டை வீசினார்.

ஜிபார் முதலில் வந்தாள். சும்மா முதலில் இல்லை. தாலாய் பாதி வழியில் இருந்தபோது இவள் வந்து நின்று மூச்சும் வாங்கிவிட்டாள். கை கால் எல்லாம் மாறி மாறி, படத்தில் போட்டது மாதிரி. நான் கத்திய கத்தலில் கட்டியிருந்த குதிரை ஒன்று அவிழ்ந்து போய்விட்டது.

பெர்மெத் கையில் கத்தி இருந்தது. அதை வாங்க ஜிபார் நடந்தாள். சில அடிதான். மகிழ்ச்சியில் அவள் காலுக்குப் பழைய வீடு ஞாபகம் வந்துவிட்டது. வலது கையோடு வலது கால். இடது கையோடு இடது கால். தாமதமாகக் கற்றுக்கொண்ட யாருக்கும் வருவதுதான். பெர்மெத்துக்கும் அது தெரியும்.

"ஜோர்கோ வந்துருச்சுடோய்!" என்று பின்னாலிருந்து தாலாய் கத்தினான். சம்பந்தியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சம்பந்தி மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அறுக்கட்டும், அறுக்கட்டும்! இந்த நடைக்கு நான் நாலு பெட்டைக்குதிரை கொடுத்திருக்கேன். என் பேரனுக்குச் சும்மா வருதுன்னா கசக்குதா?"

"அது குதிரைக்கு மாமா" என்றாள் என் மகள். கத்தி அவள் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. "துண்டு வீசறதுக்கு முந்தியே சில பேரு கிளம்பிட்டாங்க. திரும்ப ஒரு தடவை ஓடட்டும்."

"யாரும்மா முந்திக் கிளம்பினது?" என்றேன். "நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

"அப்பா, நீங்க சும்மா இருங்க."

"பனிக்காலம் பூரா இந்தப் புள்ளகிட்ட என்ன சொன்ன?"

அவள் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "பள்ளிக்கூடத்துல நான் டீச்சர். இங்க இவனுக்கு அம்மா. புரிஞ்சுக்கோங்கப்பா."

"ரெண்டு பேருக்கும் ஒரே வாய்தானே இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முகம் என் மனைவியின் முகம், குரல் என் குரல். சம்பந்தி வீட்டில் யாராவது இதைச் செய்திருந்தால் அங்கேயே சண்டை போட்டு, மாலைக்குள் சமாதானமாகி, கறி தின்றுவிட்டு வந்திருப்பேன். முழங்கால் தேயத் தவழ்ந்த என் பெண்ணோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜிபார் கேட்டாள். "டீச்சர், நான் சரியாத்தானே ஓடினேன்?"

பெர்மெத் அவள் தலைக்குட்டையைச் சரிசெய்துவிட்டாள். "சரியாத்தான் கண்ணு. இன்னொரு தடவை, அவ்வளவுதான்."

மறுபடி ஓடைக்கரை. மறுபடி துண்டு. இந்த முறை ஜிபார் ஜோர்கோவாகவே ஓடினாள். வலது வலதோடு, இடது இடதோடு, தலை நிமிர்ந்து. அப்படி ஓடி யாரும் ஜெயிக்க முடியாது என்று முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறவன் நான். அவள் ஜெயித்தாள். ஜெயித்து, நிற்கவில்லை. குழந்தையைத் தாண்டி, கத்தியைத் தாண்டி, கறி வேகும் அண்டாவைத் தாண்டி, தன் வீட்டுப் பக்கமாகப் போய்விட்டாள். தேநீர்க் கிண்ணத்தைத் தலையில் வைத்திருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது.

இரண்டாவதாக வந்த தாலாய் நூலை அறுத்தான். பாய்சால் நடந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர்களுக்கென்று மரியாதையாக வைக்கும் இடுப்பெலும்புக் கறியை என் தட்டில் வைத்தார்கள்.

"சம்பந்தி, கறி ஆறுது" என்றார் மூசாகுன்.

"பல் வலி" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"உமக்கு அந்தப் பக்கம் பல்லே கிடையாதே!"

"இல்லாத பல்லுதான் வலிக்குது."

குல்லாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெர்மெத் கூடார வாசல்வரை வந்தாள். அவள் கூப்பிடுவாள் என்று மெதுவாகத்தான் நடந்தேன். பாலம் தாண்டும்வரை மெதுவாக நடந்தேன்.

திங்கட்கிழமை ஜிபார் வகுப்புக்கு வந்தாள். பெர்மெத்தும் வந்தாள், அந்தப் பழைய கால்சட்டையோடு. நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வழக்கம்போல அவள்தான் சொன்னாள்: "வலது கை, இடது முழங்கால். தூக்கு!"

வகுப்பு முழுவதும் வலது கையையும் வலது முழங்காலையும் தூக்கியது. அந்த நடைக்கு நாலு குதிரை என்று மூசாகுன் சொன்னது சனி, ஞாயிறுக்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. தெருவில் எல்லாப் பிள்ளையும் இப்போது ஜோர்கோதான். தாலாய்தான் முதல் ஆள். அவனே விலையை ஆறு குதிரை ஆக்கியிருந்தான்.

கோணலாக நின்ற அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தி மட்டும் வலது கையையும் இடது முழங்காலையும் தூக்கியிருந்தாள். ஆடவில்லை, அசையவில்லை.

"பாருங்க, ஜிபார் எவ்வளவு சரியா நிக்கிறா" என்றாள் பெர்மெத்.

ஜிபார் கையை இறக்கினாள். காலை இறக்கினாள்.

"இது கணக்குல சேருமா டீச்சர்? இல்ல, திரும்ப ஒரு தடவை செய்யணுமா?"

மரியாதையாகத்தான் கேட்டாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் விழுந்து எழுந்ததும் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் கம்பளி விரிப்பைச் சுருட்டத் தொடங்கினேன். பாடம் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது.