நடுக்கடலில் ஒரு குழாய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கடலில் பிறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் பிறந்தது. அது மாதக்கணக்கில் சொட்டுகிறது. மனைவி "குழாய்" என்று வாயெடுத்ததுமே நான் சுவரோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து பால்கனிக்குப் போய்விடுவேன். மறுத்துப் பேச மாட்டேன். சரி என்றும் சொல்ல மாட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பான் மச்சான், அவள் தம்பி.

(மச்சான் இந்தக் கதைக்குத் தேவையா? முதல் பிரதியில் நீக்கிப் பார்த்தேன். பையைத் தூக்க ஆளில்லை. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

2

தொடக்கம்: "அந்தி ஒளியில் அந்த நீலத் தீவு ஒரு மரகதத்தைப் போல..."

நீலமா, மரகதமா? அடித்துவிட்டேன்.

மறுபடி: மூவரும் விடுமுறைக்குத் தீவுக்குப் போனோம். பாதுகாப்பு விஷயத்தில் நான் புலி. பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்கு உறை, கொசுக் களிம்பு, வயிற்று மாத்திரை. கடற்கரை எச்சரிக்கைப் பலகையைப் போட்டோகூட எடுத்தேன். படிக்கத்தான் இல்லை.

"என்ன மாமா எழுதியிருக்கு?" என்றான் மச்சான்.

"ரூமுக்குப் போய்ப் பெருசு பண்ணிப் பாத்துக்கலாம்டா."

3

இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றேன். காலடி மணல் கரைந்தது. அடுத்துப் பார்த்தால் கரை தூரத்தில் இருக்கிறது. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

வாழ்நாளில் எதையும் நேருக்கு நேர் எதிர்க்காதவன், மச்சான் பார்க்கிறானே என்று கடலை எதிர்த்து நீந்தினேன்.

[இங்கே வீரத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வாயில் உப்புத் தண்ணீர் புகுந்ததால் நீக்கப்பட்டது.]

நீந்த நீந்தக் கரை தள்ளிப் போனது. கைகள் ஓய்ந்தன. உயிர்காப்பாளர் ஊதலை ஊதி, இரு கைகளையும் ஒரே பக்கமாக வீசிக் காட்டினார். எனக்கென்னவோ வழியனுப்புவதைப் போலிருந்தது. அவர் மிதவையோடு தண்ணீரில் இறங்கினார். மனைவி அவர் கைகாட்டிய பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அலைச் சத்தத்துக்கு மேல் அவள் குரல்:

"ஏங்க! குழாய்! குழாய் சொட்டுது!"

என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. கரைக்கு இணையாக, பக்கவாட்டில், பால்கனி இருக்கும் திசையை நோக்கி நகரத் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டது. மிதவை கைக்கு வந்தது.

4

மாற்று முடிவுகள்.

அ) நாயகன் கடலை வென்று கரையேறினான். (வாசித்துக் காட்டினேன். மச்சான் டீயைத் துப்பிவிட்டான்.)

ஆ) நாயகன் திரும்பவில்லை. அவன் மனைவி அந்தக் கரையிலேயே

[இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.]

இ) நடந்தது. அவள் என் ஈரப் பனியனைக் கொத்தாகப் பிடித்தாள். "செத்திருந்தீங்கன்னா கொன்னே போட்டிருப்பேன்!" பனியனை விடவேயில்லை. விடுதிவரை அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தாள். மூக்கை உறிஞ்சியபடி பின்னால் பையைத் தூக்கி வந்த மச்சான் சொன்னான்: "மாமா, போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேன். எதுத்து நீந்தாதே, பக்கவாட்டுல போன்னுதான் போட்டிருக்கு. குழாயப் பத்தி ஒண்ணுமில்ல."

5

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன்.

"பக்கவாட்டுல போங்கன்னு நேராச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா? ஏன், எதுக்குன்னு அங்கேயே மெதந்துக்கிட்டு யோசிப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?"

சொல்லிவிட்டு உள்ளே போனாள். இதோ, சமையலறையிலிருந்து குரல் வருகிறது: "ஏங்க, குழாய்..."

ஸ்பேனர் மேசைமேல் இருக்கிறது. உடம்பு ஏற்கெனவே நாற்காலியின் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. குழாயைச் சரிசெய்துவிட்டால், அடுத்த கடலில் அவள் என்னவென்று கூப்பிடுவாள்? சரிசெய்யாவிட்டால், அடுத்த கடலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவாளா?

நான் எழுந்துகொள்கிறேன். எந்தப் பக்கம் போனேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.