எல்.கே.ஜி.க்கு வந்த சார்

மழலையர் கல்வி டிப்ளமோ வகுப்பில் முப்பத்தோரு பெண்கள், ஒரே ஓர் ஆண். அது ரொனால்டு. பி.காம். முடித்துவிட்டு திண்டுக்கல்லில் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், நர்ஸாக இருக்கும் அக்கா ஜெஸ்ஸி தன் இரட்டைப் பெண்பிள்ளைகளை அவனிடம் விட்டுவிட்டுத்தான் டியூட்டிக்குப் போவாள். இரண்டு வருடம் சோறூட்டி, கதை சொல்லி, சண்டை விலக்கிவிட்டதில் தனக்கு என்ன வேலை வரும் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் தானாகவே போய் விண்ணப்பம் வாங்கிவந்தான். அப்பா செபஸ்தியான் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், படிப்பென்று ஒன்று படித்தால் சரி என்று விட்டுவிட்டார்.

படிப்பில் அவன்தான் முதல். வேலைதான் கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்களில் ஒருத்தி ஸ்பின்னிங் மில்லின் குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்தாள். இன்னொருத்தி வீட்டு மாடியிலேயே பிளே ஸ்கூல் தொடங்கிவிட்டாள். இவனை ஒரு பள்ளியில் ஆபீஸ் வேலைக்குக் கேட்டார்கள், இன்னொன்றில் வேனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், மூன்றாவதில் பி.டி. மாஸ்டர் வேலை காலி என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு லேடீஸைத்தான் எடுப்போம் என்பதை எல்லாருமே மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

கடைசியாக சித்தையன்கோட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்குப் போனான். அதை நடத்துகிற ஆனந்தமேரி சுற்றி வளைக்கவில்லை. பெற்றவர்கள் பயப்படுவார்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது என்றார்.

"பயம் நியாயந்தான் மேடம்" என்றான் ரொனால்டு. "கதவு தெறந்தே இருக்கட்டும். ஆயாம்மா கூடவே இருக்கட்டும், பாத்ரூமுக்கு அவுங்களே கூட்டிட்டுப் போகட்டும். எந்த அப்பா அம்மா வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் வந்து ஒக்காந்து பாக்கட்டும்."

ஒரு மாதம் பார்ப்போம் என்றார் ஆனந்தமேரி. ஆயா கருப்பம்மாளிடமும் விவரத்தைச் சொல்லிவைத்தார்.

இரண்டாம் நாளே மலைச்சாமி வந்துவிட்டார். பக்கத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர், முரட்டு மீசை. அவர் மகள் தன்ஷிகா பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இதில் ஆம்பளை வாத்தியார் வேறா, பிள்ளை இன்னும் மிரண்டுவிடும், வேறு பள்ளிக்கு மாற்றப்போகிறேன் என்றார். மாற்றுவதற்கு முன்னால் செத்த நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று ஆனந்தமேரி அவரை வகுப்புக்கு அனுப்பினார்.

வகுப்பில் இருந்ததெல்லாம் முழங்கால் உயர நாற்காலிகள். மலைச்சாமி ஒன்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தரையிலேயே சம்மணமிட்டார். ரொனால்டு ஒரு தாம்பாளத்தில் பயறுகளைக் கலந்து கொட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தான். ஒன்றை எடுத்துக் காட்டி, இது அவரை என்றான்.

மலைச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அது மொச்ச. பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிக் குடுக்காதீக."

ரொனால்டு கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தான். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, சார் தப்பாகச் சொல்லிவிட்டேன், தன்ஷிகாவின் அப்பா திருத்திவிட்டார், எல்லாரும் அவருக்கு நன்றி சொல்லுங்கள் என்றான். இருபத்திரண்டு குரல் நன்றி சொன்னது. மலைச்சாமி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மீசையைத் தடவினார்.

அப்போது மூலையிலிருந்து தன்ஷிகா எழுந்தாள். "எங்கப்பாவுக்கு எல்லா வெதையும் தெரியும்" என்றாள்.

கருப்பம்மாள் கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். ரொனால்டு ஒன்றும் பெரிதுபடுத்தவில்லை. அப்படியா, அப்பாவுக்குத் தெரிந்த விதை எதெது என்று சாதாரணமாகக் கேட்டான். வெண்டை, தக்காளி, கொத்தவரை என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை மலைச்சாமி எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே ஒரு பை நிறைய விதையோடு வந்து நின்றார். பள்ளி மாற்றுகிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் ஒரு வருடமாயிற்று. மறுத்த பள்ளிகளில் ஒன்று இப்போது ரொனால்டைக் கூப்பிட்டது. அவன் போகவில்லை. குழந்தைகள் ஏன் பேசுகிறார்கள், ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று இன்னும் தெரிந்துகொள்ள ஆசை வந்திருந்தது. அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. உளவியல் சேர்ந்தான். வார இறுதி வகுப்புகளுக்குத் தடையில்லாமல் போய்வர ஆனந்தமேரி ஏற்பாடு செய்துகொடுத்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், பிள்ளைகளெல்லாம் போனபிறகு மலைச்சாமி கேட் அருகே தயங்கி நின்றார்.

"சார், நீங்க படிச்ச அந்தப் படிப்புக்கு பன்னண்டாவது முடிச்சவுக சேரலாமா?"

"சேரலாம்ணே. யாருக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். பைக் பக்கத்தில் அவர் மனைவி கௌசல்யா நின்றிருந்தாள். நல்ல மார்க் எடுத்தும் கல்யாணத்தோடு படிப்பை நிறுத்தியவள். ரொனால்டு உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தான். பிளே ஸ்கூலுக்குப் போகலாம், மில் காப்பகத்தில் கேட்கலாம், அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்கலாம், சொந்தமாகவும் தொடங்கலாம். பெரிய பள்ளிக்கு ஆசைப்பட்டால் அப்புறம் டிகிரி முடித்து பி.எட். படிக்கலாம்.

"எங்கிட்ட சொல்லி என்ன, அவகிட்ட சொல்லுங்க" என்று மலைச்சாமி மனைவியைக் கூப்பிட்டார்.

கௌசல்யா வந்து, மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தாள். அதில் பதினோரு கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி, வகுப்பு எத்தனை மணிக்கு என்பது. காலை ஒன்பதரை என்றதும் அவள் முகம் யோசனையில் சுருங்கியது. தன்ஷிகாவைக் குளிப்பாட்டிக் கிளப்பி யார் பள்ளிக்கு அனுப்புவது?

"அத நான் பாத்துக்கிறேன்" என்றார் மலைச்சாமி. "சடையும் பின்னிவிடுறேன். நீ அடுத்த கேள்வியக் கேளு."