தலையில் பட்ட தொப்பி

அவ்வாண்டு ஈஸ்டர் திருநாளுக்கு ஒருவரும் புத்தாடை உடுத்துவதில்லை என்று கறுப்பினத்தாரின் மவுண்ட் நீபோ ஆலயச் சபையார் தீர்மானித்திருந்தனர். அது 1961ஆம் ஆண்டு. ஜார்ஜியாவின் கார்வெல் நகரில், ஹார்க்னஸ் துணிக்கடைக்குள் இருந்த சிற்றுண்டி மேசையில் காப்பி கேட்டு அமர்ந்த கறுப்பின மாணவர்களைக் காவலர் இழுத்துச் சென்று சிறையில் அடைத்திருந்தனர். கறுப்பினத்தார் வாங்குவது கடைக்கு வேண்டும். அவர்கள் உட்காருவது மட்டும் ஆகாது. ஆகவே பண்டிகை முடியும்வரை அந்தக் கடையின் படியேறுவதில்லை என்று முடிவாயிற்று.

அதனை முன்மொழிந்தவள் ஆல்பர்ட்டா டாட்ஸன் என்பதே சபைக்கு வியப்பு. ஈஸ்டர்தோறும் புதுத் தொப்பி அணிந்து தனிப்பாடல் பாடுகிறவள் அவள்.

“பாதிப் பேரு இவ தொப்பிய பாக்க வராங்க, மீதிப் பேரு பாட்டு கேக்க வராங்க. பிரசங்கத்துக்குன்னு வர்றது போதகரம்மா ஒருத்திதான்” என்று அவளுடைய தோழி வில்லெட்டா சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் எழுந்து நின்று, “நான் பழைய தொப்பியிலதான் பாடப் போறேன்” என்றபோது பெண்கள் அனைவரும் கைதட்டினர்.

கடையின் முன்வாசலில் மாணவர்கள் கண்டன அட்டை பிடித்து நின்றார்கள். பின்புறச் சந்தில் நிற்பது ஆல்பர்ட்டாவின் பணி. நம்மவர் எவரேனும் பின்வாசல் வழியாக நுழைய வந்தால், அன்பாகப் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும்.

வியாழக்கிழமை பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. குடையையும் மீறி அவளுடைய பழுப்புக் கோட்டு நனைந்தது. அப்போது பின்கதவு திறந்தது. தொப்பிப் பிரிவில் விற்பவளான மிஸ் டென்ட் எட்டிப் பார்த்தாள். பல ஆண்டுகளாக, “ஏய் ஆல்பர்ட்டா, எது வேணும்னு சீக்கிரம் சொல்லு” என்பதைத் தவிர வேறொன்றும் பேசியறியாதவள்.

“மிஸஸ் டாட்ஸன், ஏன் மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க. கடையில ஒரு ஆளு இல்ல.”

மிஸஸ் டாட்ஸன். வெள்ளையர் வாயிலிருந்து அந்த மரியாதைச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. கால்கள் தாமாக உள்ளே சென்றன.

விளக்குகள் எரிந்தன, வாங்குவோர் இல்லை. நிலைக்கண்ணாடியின் முன்னே, வெளிர்மஞ்சள் நிறத்தில், மெல்லிய வலைத்துணி தொங்கும் ஒரு தொப்பி இருந்தது.

“போட்டுப் பாருங்களேன். சும்மா பாருங்க.”

ஆல்பர்ட்டா தன் வாழ்நாளில் எந்தக் கடையிலும் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்தவள் அல்லள். கறுப்புப் பெண்ணின் தலையில் பட்டுவிட்ட தொப்பியை மீண்டும் விற்பனைக்கு வைக்கமாட்டார்கள்; பட்டால் அவளே வாங்கியாக வேண்டும். ஆதலால் அவளைப் போன்றவர்கள் வீட்டிலேயே ஒரு நூலால் தலையை அளந்து, அந்த நூலைக் கொண்டுவந்து தொப்பிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். மற்றபடி, வீட்டுக்குச் சென்று பெட்டியைத் திறந்த பிறகே முகத்துக்குப் பொருந்துகிறதா என்று தெரியும்.

அவள் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவளை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

“உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்றாள் மிஸ் டென்ட்.

பிறகு ஆல்பர்ட்டா தொப்பியைக் கழற்றினாள். மிஸ் டென்ட் அதை வாங்கி, முன்பிருந்த இடத்திலேயே வைக்கக் கை நீட்டினாள். வாங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஆல்பர்ட்டாவின் கைகள் அதனைக் கொடுக்கவில்லை. தலையில் பட்டுவிட்டது, இனி இது தன்னுடையது என்பதன்றி வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. கைப்பையைத் திறந்தாள். வட்டப் பெட்டியுடன் சந்துக்கு வந்து மழை முகத்தில் பட்ட பின்னரே, தான் செய்தது இன்னதென்று அவளுக்கு விளங்கிற்று.

சனிக்கிழமை மாலை ஆலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் நடந்தது. பழுப்புக் கோட்டு இன்னும் உலரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஆல்பர்ட்டா கறுப்புச் சால்வையில் வந்திருந்தாள். மாணவர் தலைவன் கார்னெல் எழுந்தான்.

“வியாழக்கிழமை நம்ம ஆளு ஒருத்தங்க பின்வாசல் வழியா தொப்பிப் பெட்டியோட போனாங்க. தெருமுனையிலிருந்து பாத்தேன். பழுப்புக் கோட்டு. குடை முகத்த மறைச்சிடுச்சு. ஆல்பர்ட்டா அக்கா, நீங்க அங்கதான நின்னீங்க? நீங்க பாக்கலையா?”

“மழைக்கு ஒதுங்கியிருந்தேன் தம்பி. பாக்கல.”

சபையின் உதவி ஊழியரான டீக்கன் பர்ரெல் தொண்டையைச் செருமினார். “பழுப்புக் கோட்டுன்னா... வில்லெட்டா, நீ கடைக்காரர் ஹார்க்னஸ் வீட்டுல சமைக்கிறவ. கேட்டா கோவிச்சுக்கக் கூடாது.”

அனைவரும் திரும்பினர். வில்லெட்டாவின் பழுப்புக் கோட்டு அவள் மேலேயே இருந்தது.

“எனக்கு இருக்கறது ஒரு தலை டீக்கன். அதுக்கு ஏற்கெனவே ஒரு தொப்பி இருக்கு. உங்க வழுக்கைக்கு வேணும்னா சொல்லுங்க, இரவல் தர்றேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. வில்லெட்டாவின் முகம் மெல்ல மாறியது. போதகர் கில்மோர் ஆல்பர்ட்டாவைப் பார்த்து, “சிஸ்டர், இதை ஆரம்பிச்சவங்க நீங்க. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார்.

ஆல்பர்ட்டா எழுந்தாள். உண்மை நாவின் நுனிவரை வந்தது. எதிரே, அந்த வாரத் தொடக்கத்தில் சிறையிலிருந்து மீண்ட கார்னெலின் கன்னத்தில் காயம் ஆறாமல் இருந்தது.

“யாரா இருந்தாலும் மன்னிச்சு விட்டுடுவோம் ஐயா” என்றாள்.

பெரிய மனசு என்று சிலர் முணுமுணுத்தனர். வில்லெட்டா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“செய்யாதத மன்னிக்கிறதுக்கு நீ யாருடி?” என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஆலயம் நிறைந்திருந்தது. சாயம் போன உடைகள். தைத்துத் தைத்துப் போட்ட கையுறைகள். எவரும் தலை குனியவில்லை. பட்டு உடுத்தியவர்போல் நிமிர்ந்தே வந்தனர். பாடகர் குழுவில் அமரவேண்டிய வில்லெட்டா கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அருகிலிருந்த இடத்தில் தன் கைப்பையை வைத்திருந்தாள்.

ஆல்பர்ட்டா பழுப்புக் கோட்டு அணிந்து, வட்டப் பெட்டியைக் கையில் ஏந்தி, நடுவழியே நடந்து வந்தாள். பெட்டியைப் பலிபீடத்தின் முன்னே வைத்து மூடியைத் திறந்தாள்.

“கார்னெல் பாத்தது என்னத்தான். வில்லெட்டா இல்ல.”

முன்வரிசையிலிருந்த கார்னெல் எழுந்து, “மிரட்டினாங்களா அக்கா?” என்று கேட்டான். ஆமாம் என்ற விடையை அவன் கெஞ்சிக் கேட்பதுபோல் இருந்தது.

“இல்லப்பா. மரியாதையா பேசினாங்க.”

அவன் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய முகத்தை அவளால் பார்க்க இயலவில்லை.

“தலையில வச்சுப் பாத்தியா?” கடைசி இருக்கையிலிருந்து வில்லெட்டாவின் குரல் வந்தது.

“பாத்தேன்.”

“கண்ணாடியிலயா?”

“கண்ணாடியில. திருப்பி வாங்கிக்கத்தான் கை நீட்டினா. எனக்குக் குடுக்கத் தெரியல.”

பெண்கள் ஒருவரும் அசையவில்லை. ஒவ்வொருத்தியின் வீட்டிலும், மேசை இழுப்பறைக்குள், தலையளந்த நூல் ஒன்று சுருண்டு கிடந்தது. ஆயினும் அவர்களுடைய கண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியை நோக்கி நகர்ந்தன. முன்வரிசையில் ஒருத்தி கழுத்தைக்கூடச் சற்று நீட்டினாள்.

“மூடித் தொலை அத” என்றாள் வில்லெட்டா. “அழகா வேற இருக்கும்.”

ஆல்பர்ட்டா மூடினாள். அவள் பாடவேண்டிய நேரம் வந்தபோது வாத்தியம் மட்டும் ஒலித்து, தயங்கி, நின்றது. போதகர் அவளை அழைக்கவில்லை. அவள் கடைசி இருக்கைவரை நடந்து சென்று, வில்லெட்டாவின் அருகே நின்றாள்.

வில்லெட்டா நேரே பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆராதனை முடியும்வரை ஆல்பர்ட்டா சுவரோரமாக நின்றாள்.