வரைபடம் முடியும் இடம்

நகாசேயின் புத்தகக் கடையில் நின்றபடியே படித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எங்கள் ஊர் மட்சுயேயில் பாதிப் பேர் வாரப் பத்திரிகையை அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் ஒரே அலமாரி முன்னால் ஒருத்தி வாரக்கணக்கில் நின்றால் நகாசேயின் வாய் சும்மா இருக்குமா?

"தோமோயேம்மா, முக்காலி ஒண்ணு போடட்டுமா? இத்தாலிக்குப் போறதுக்குள்ள காலு ரெண்டும் தேஞ்சிடப் போவுது."

"நாலு இத்தாலி வழிகாட்டி வெச்சிருக்கீங்க, நாலும் தண்டம். ஒண்ணாவது உருப்படியா இருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேன்."

"ரோமுக்கு அறுபது பக்கம் குடுத்திருக்கான், இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

ரோம் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது திரியெஸ்தே. அந்தத் துறைமுக ஊருக்கு எந்தப் புத்தகமும் இரண்டு பக்கத்துக்கு மேல் கொடுக்கவில்லை. ஒன்று கேக் கடைகளைப் படம்பிடித்துப் போட்டிருந்தது. இன்னொன்று கோட்டையைப் பற்றி நீட்டி முழக்கியது. எந்த வரைபடத்திலும் என் அக்கா வீடு இருக்கும் லாந்தர்னே பேட்டையைக் காணோம்.

கினுயோ அக்கா இருபத்து நான்கு வயதில், எங்கள் பக்கத்துத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் இன்ஜினியர் ப்ரூனோவைக் கட்டிக்கொண்டு போனாள். இனி இந்த வாசல்படி மிதிக்காதே என்றார் அப்பா. அவளும் மிதிக்கவில்லை. அப்பா செத்தபோது வந்தாள், அதுவும் வீட்டுக்கு இல்லை, சடங்கு நடந்த கோயிலுக்குத்தான். வந்தவர்களோடு வந்தவளாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். இப்போது ப்ரூனோ இல்லை. அவளுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. இனி பார்ப்பதென்றால் நான்தான் போகவேண்டும். ஐம்பத்தாறு வயதுவரை நான் கடல் தாண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் யசுஜிக்கு மிசோ சூப் கிடைக்காத நாட்டில் ஒரு வேளைகூட ஓடாது. அதனால் துணைக்கு வரமாட்டார், யோசனை மட்டும் சொல்வார்.

"கூட்டத்தோட போயேன். முன்னாடி ஒரு பொண்ணு கொடி புடிச்சுட்டுப் போவா. அவ பின்னாடியே போனா தொலைஞ்சு போகவே முடியாது."

"அந்தக் கொடி எங்க அக்கா வீட்டுக்குப் போகுமாங்க?"

அவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எங்களுக்குச் சாயங்காலம் என்றால் அவளுக்கு அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும்.

"நாலு புத்தகத்துலயும் பாத்துட்டேங்கா. நீ இருக்கற பேட்டையே இல்ல."

"எந்தப் பேட்டை?"

"லாந்தர்னே. எழுபத்தி மூணாம் கட்டு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது பாருங்கள், சின்ன வயதில் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு ஏரியில் சிப்பி பொறுக்கும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"அடி மக்கு! அது பேட்டை இல்லடி, தெரு. இங்க தெருவுக்குத்தான் பேரு. தெரு நெடுக வீட்டுக்கு வீடு நம்பர் போட்டுட்டே வருவான்."

"தெருவுக்குப் போய் யாராவது பேரு வெப்பாங்களா?"

எங்கள் ஊரில் பேட்டைக்குப் பேர் உண்டு, அதற்குள் வீடுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, கட்டுக்கு எண் உண்டு. தெரு என்பது கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே மிஞ்சிய இடம். அதற்கும் பேர் வைத்து ஒரு நாடே வாழ்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாளும் வரைபடத்தில் தெருக் கோடுகளை விட்டுவிட்டுக் கோடுகளுக்கு நடுவில் அவளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் நகாசே ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றேன். இப்போது கோடுகளைப் பார்த்தேன். கேக் புத்தகத்தில் அந்தத் தெரு இல்லை. கோட்டைப் புத்தகத்தில் பேர் மட்டும் இருந்தது, கோடு இல்லை. மூன்றாவதைப் பிரித்தேன். கண்டுபிடித்துவிட்டேன்! மாதா கோயிலில் ஆரம்பித்து, வளைந்து, ஒரு தபால் நிலையத்தைத் தொட்டது லாந்தர்னே. தொட்டதும் பக்கம் முடிந்துவிட்டது. தபால் நிலையத்தின் எண் முப்பத்தொன்று. எழுபத்து மூன்று, தாளுக்கு வெளியே எங்கேயோ இருந்தது. நான்காவது புத்தகம் தெருவை அதற்கு முன்பே வெட்டியிருந்தது.

"இதான்" என்று மூன்றாவதை நகாசேயிடம் நீட்டினேன்.

வழக்கம்போல் கடைத் தாளில் அட்டை போட மடிக்க ஆரம்பித்தார். யார் என்ன படிக்கிறார்கள் என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்குத் தெரியக்கூடாது, அதுதான் எங்கள் மரியாதை.

"அட்டை வேணாம். தெரியட்டும்."

நகாசே மடித்த தாளைப் பிரித்து மறுபடி அடுக்கில் வைத்தார்.

அன்று சாயங்காலம் மறுபடி போன்.

"தபால் ஆபீஸ்லயே படம் முடிஞ்சு போச்சுக்கா. அதுக்கப்புறம் வெறும் தாளு."

"அதுக்கப்புறம் மேடுடி. மேட்டுல ஏறுனா எங்க வீடு. பேசாம ஸ்டேஷன்ல டாக்சி புடி. அட்ரஸ எழுதிக் காட்டுனா வாசல்லயே கொண்டாந்து விடுவான்."

"இத்தனை வருஷம் கழிச்சு உன் வாசல்ல எவனோ ஒருத்தன் என்னைய மூட்டை மாதிரி இறக்கிட்டுப் போகணுமா? நான் நடந்துதான் வருவேன்."

"சின்ன வயசுல கோயில் திருவிழாவுக்குப் போயிட்டு வருஷா வருஷம் தொலைஞ்சவ நீ."

"வருஷா வருஷம் கண்டுபிடிச்சியே."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. அந்த நிமிஷமே பார்க்கவேண்டும் போல் இருந்தது.

"சரி" என்றாள். "உன் படம் எங்க முடியுதோ அங்க வந்து நிக்கறேன்."

"முட்டிய வெச்சுக்கிட்டா? நீயே மேடுங்கற!"

"போறப்ப இறக்கம்தானே. திரும்பி ஏர்றப்ப நீ இருப்பேல்ல. காய வெச்ச நம்ம ஏரி ஷிஜிமி சிப்பி ரெண்டு பொட்டலம் எடுத்துட்டு வா, மறந்துடாத."

டிக்கெட் எடுத்தாயிற்று. ஏப்ரலில் பயணம். தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தைத் திறந்து, மாதா கோயிலிலிருந்து விரலால் நடந்து, தபால் நிலையத்தில் நிற்பேன். யசுஜி சிரிப்பார். பிறகு அவரும் எட்டிப் பார்ப்பார்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"என்னக்கா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடி. தடிய ஊனிட்டு இப்பத்தான் வெளிய போயிட்டு வந்தேன். இன்னைக்கு அம்பத்தெட்டாம் நம்பர் வரைக்கும் இறங்கிட்டேன்."