ஏசுபாதத்தின் கல்லில் நிற்காத சொல்

கிழக்குத் தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் ஏசுபாதத்தின் கல்லில் வெட்டிய சொல் எதுவும் மறுநாள் காலைவரை தங்கியதில்லை. பெயர் தங்கும், தேதிகள் தங்கும். அவற்றுக்குக் கீழே வெட்டியது மட்டும் போய்விடும்; அந்த இடம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல வழவழவென்று இருக்கும்.

ஏசுபாதம் ரயில்வே பணிமனைக்காரர். பக்கவாதத்தில் மனைவி ஞானம்மாளின் வலது கை விழுந்துவிட, அவள் ஒற்றைக் கையாலேயே தலை பின்னவும் தேங்காய் துருவவும் தண்ணீர் சேந்தவும் சைக்கிள் பிரேக், பழைய ஃபேன் மோட்டார், பால்பவுடர் டின் என்று எதையெதையோ கோத்து ஒவ்வொரு கருவியாகச் செய்து கொடுத்தார். தெரு அவரை ‘ஓட்ட ஒடசல்’ என்றுதான் கூப்பிட்டது. எண்பத்தைந்தாம் வருஷத்து மழைக்காலத்தில் அவர் மூச்சு நின்றபோது வீட்டிலிருந்த அத்தனை கருவிகளும் கூடவே நின்றன. பிரித்துப் பார்த்தவர்கள் பழுது ஒன்றும் இல்லை என்றார்கள்; ஆனால் எதுவும் ஓடவில்லை. அடக்கத்துக்கு வந்த ரயில்வே அதிகாரி ஒருவர் குழியில் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, “இன்ஜெனியுட்டி... என்னா இன்ஜெனியுட்டி!” என்று இங்கிலீஷில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரமே மாற்றலாகி வடக்கே போய்விட்டார்.

“ஊரே ஓட்ட ஒடசல்னு கூப்ட்டுது. அந்த ஒரு மனுசன்தான் நல்லதா ஒரு வார்த்த சொன்னாரு. அத நம்ம பாஷைல கல்லுல போடணும். நான் படிக்கணும்,” என்றாள் ஞானம்மாள்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கல்லைக் கழுவி, பெயருக்குக் கருப்பு மை தீட்டுவது வழக்கம். அதோடு சேர்த்துச் சொல்லையும் வெட்டிவிடலாம் என்று ஏற்பாடு. ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் சுந்தரராமன் சொல்லைச் சொன்னார், கல் கொத்துகிற தட்சிணாமூர்த்தி உளி பிடித்தார். முதலில் ‘சாமர்த்தியம்’. மறுநாள் அது செம்பாக்கம் ஏரிக்கரையில் மனை விற்கும் குப்புராஜின் போர்டில் ஒட்டியிருந்தது.

“இன்னா தட்சிணாமூர்த்தி, எழுத்துக்குக் கால் மொளச்சிகிச்சா?” என்றாள் ஞானம்மாள்.

“நான் இன்னாக்கா பண்ணுவேன்? வெரல்கட்ட ஆழத்துக்கு வெட்னேன்!”

குப்புராஜைக் கேட்டதற்கு, “தானா வந்த லட்சுமி, இர்க்கட்டும் வுடுக்கா,” என்று ஊதுவத்தி கொளுத்தி வைத்தார். அடுத்த வருஷம் வெட்டிய ‘புத்திக்கூர்மை’ டியூஷன் சென்டர் கதவுக்குப் போயிற்று. ‘கைத்திறன்’ ஒரு தையல்கடை மேஜையில் கிடந்தது. ‘உபாயம்’ வட்டச் செயலாளர் வீட்டுச் சுவரேறிக்கொண்டது. அவர் அதன்மேல் வெள்ளையடிக்கவும் இல்லை. கடைசியில் இங்கிலீஷ் வார்த்தையையே வெட்டிப் பார்த்தார்கள். அது ரயிலேறி எங்கோ போய்விட்டது என்றார்கள் ஸ்டேஷனில் பூ விற்பவர்கள்.

தொண்ணூற்றிரண்டில் சுந்தரராமன் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து எழும்பூருக்குப் போனார். நூலகத்தில் நாள் முழுக்கப் பெரிய அகராதிகளைப் புரட்டிவிட்டு நேரே கல்லறைக்கு வந்து சேர்ந்தார். தட்சிணாமூர்த்தி உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார், ஞானம்மாள் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு காத்திருந்தாள்.

“அந்த இன்ஜெனியுட்டி லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தைம்மா. இன்ஜினுக்கும் அதுதான் வேர். பொறக்கறப்பவே ஒருத்தருக்குள்ள கூட வந்துடறது, அப்படின்னு அர்த்தம். யாரும் கத்துக்குடுக்க முடியாது. கழட்டி இன்னொருத்தர்கிட்ட குடுக்கவும் முடியாது. இதுக்குச் சரியா ஒரு தமிழ் வார்த்தை எனக்குக் கிடைக்கலைம்மா.”

ஞானம்மாள் செம்பைக் கீழே வைத்தாள்.

“அவர்கூடவே வந்துச்சு, அவர்கூடவே பூட்ச்சு. அத்தப் போயி நான் ஏழு வருசமா கல்லுல குந்த வெக்கப் பாத்துகினு இருந்தேனே, சார்.” பிறகு தட்சிணாமூர்த்தியிடம், “உளிய எடுத்துப் பையில போடுப்பா. தண்ணி மட்டும் ஊத்து,” என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கல்லில் யாரும் எதுவும் வெட்டவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் ஞானம்மாள் பெயருக்குக் கீழே இருந்த வழவழப்பான இடத்தில் இடது கையை வைத்து, மெழுகுவத்தி எரிந்து தீரும்வரை உட்கார்ந்திருப்பாள். பக்கத்துக் கல்லறைக்கு வருகிறவர்கள் அவள் கைக்கு இடம் விட்டுத் தங்கள் மெழுகுவத்திகளைத் தள்ளி ஏற்றிவைத்துவிட்டுப் போவார்கள்.