கொட்டச்சேட்டு நோயாளி

சென்னம்மாளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் காப்பிப்பழ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்காட்டிலிருந்து களம் வரைக்கும் மூச்சு வாங்காமல் இறங்கி வருவாள். காய்ச்சல்கூட அவளிடம் வர ஒருதரம் யோசிக்கும். அப்படிப்பட்டவளுக்குத்தான் போன மழைக்காலத்திலிருந்து தினம் சாயங்காலம் ஒரு நோய் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு வயிற்றுவலி என்றால் நாளைக்கு நெஞ்சுவலி. அதற்கு மறுநாள் அவள் மாசமாக இருப்பாள்.

எல்லாம் மகள் அமுதவல்லிக்காக. அவள் கொட்டச்சேட்டு எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, சேலத்தில் அரசுக் கல்லூரியிலேயே டாக்டரானவள். பொது மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இங்கே அந்தச் சீட்டுக்கு ஊரே வரிசை கட்டி நிற்கிறது. ஜெர்மனியில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பை முடிக்கலாம், சம்பளமும் தருவார்கள் என்று கல்லூரியில் மூத்தவர்கள் சொன்னார்கள். பகலில் ஏற்காட்டில் ஒரு கிளினிக்கில் வேலை, மற்ற நேரமெல்லாம் ஜெர்மன் பாடம் என்று பிள்ளை தலைகீழாக நின்று அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள். பரீட்சையிலும் தேறிவிட்டாள்.

ஆனால் அங்கே ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி ‘வா’ என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் நடக்கும். வீடியோவில் நேர்காணல் வைப்பார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகள் வைத்தன. இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. சொல்லிவைத்த மாதிரி இரண்டும் ஒரே காரணத்தைத்தான் சொல்லின. ‘உங்கள் ஜெர்மனில் பிழை இல்லை. ஆனால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி பேசுகிறீர்கள். நோயாளியிடம் இப்படிப் பேச முடியாது.’ பதில் போட்ட ஆஸ்பத்திரிகளில் இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதுவும் கையை விரித்தால் ஜெர்மனி ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

“பேசிப் பழகோணும்மா. நீ நோயாளி, நான் டாக்டரு. நீ சும்மா உக்காந்திரு, போதும்” என்று ஒருநாள் அமுதவல்லி ஆரம்பித்தாள்.

சும்மா உட்காருவதா? சென்னம்மாளா? அவளுக்குக் காது கூர்மை. சாவு வீட்டில் ஒருதரம் கேட்ட ஒப்பாரியை மறுநாள் அடி பிசகாமல் பாடிக்காட்டுகிறவள். கேள்வியும் பதிலும் அர்த்தம் தெரிந்தும் தெரியாமலும் அவள் மண்டையில் ஏறிவிட்டன. “வாஸ் ஃப்யூர்ட் ஸீ ட்ஸு உன்ஸ்?” என்று மகள் கேட்பாள். என்ன விஷயமாக எங்களிடம் வந்தீர்கள் என்று அர்த்தம். “இக் ஹாபெ பௌக்சுமெர்சன்” என்று இவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். வயிறு வலிக்குதுங்க என்று அர்த்தம். அந்த ‘ஸீ’ நம்ம ஊர் ‘ங்க’ மாதிரியாம். நீ, வா, போ என்றே அம்மாவைப் பேசிப் பழகிய பெண் சாயங்காலமானால் ‘நீங்க’ போட்டுப் பேசுவதில் சென்னம்மாளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

“நொம்ப மருவாதையான பாஷை ராணி. நம்மளைக் கேட்டுத்தான் பண்ணிருப்பானுக போல” என்று பக்கத்து வீட்டு ராணியிடம் பெருமையடிப்பாள்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க்கா. மாசமா இருக்கறன்னு இன்னைக்கும் சொன்னீங்களே, அண்ணனுக்குத் தெரியுமா?” என்பாள் ராணி. லைனே சிரிக்கும். வாட்ச்மேன் வேலை பார்க்கும் மாதேஷ், அதாவது சென்னம்மாளின் புருஷனான அந்த அண்ணன், டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நேர்காணல் நாள் வந்தது. நமக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. அமுதவல்லி காலையிலேயே சட்டங்களைப் போட்டுவிட்டாள். குக்கர் வைக்கக் கூடாது. ராணி வீட்டு டி.வி. ஓடக் கூடாது. மாதேஷ் லைன் முனையில் நின்று நாயையும் ஜீப் ஹாரனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ராணி இந்தக் கூத்தைப் பார்க்காமல் விடுவதா என்று வேலைக்கே போகவில்லை.

“நீ அடுப்படியிலயே இரும்மா. வாயத் தொறக்கப்படாது. தும்மல் வந்தாலும் அடக்கிக்கோணும்” என்றாள் அமுதவல்லி.

“நான் எதுக்கு சாமி தொறக்கப் போறேன்? கல்லாட்டம் உக்காந்துக்கறேன்.”

“சென்னம்மாக்கா வாயி மூடியிருந்தா ஏற்காட்டு ஏரியே வத்திப் போயிருமே” என்றாள் ராணி. சென்னம்மாள் அவளை முறைத்தாளே தவிர, சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போதிருந்தே உதட்டை இறுக்கிக்கொண்டாள். இரண்டு தடவை மகள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்ததை அவள் கண்ணால் பார்த்தவள். மூன்றாவது தடவையும் அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே பழைய சேலை ஒன்றுதான் மறைப்பு. அதன் ஓரத்தை விலக்கி ஒரு கண்ணை வைத்துக்கொண்டாள். லேப்டாப் திரையில் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள் வந்தார். அவர்தான் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். அமுதவல்லி வணக்கம் சொல்லிவிட்டுப் பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். மழைத்தண்ணி தகரத்தில் விழுகிற மாதிரி ஒரே சீராக விழுந்தது பேச்சு. மேசைக்கு அடியில் அவள் கை மட்டும் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

சென்னம்மாளுக்குப் பேச்சு புரியவில்லை. முகம் புரிந்தது. ஆள் எடுக்கிற அன்றைக்கு வேண்டாத ஆளை மேஸ்திரி பார்ப்பாரே, மரியாதையாக, ஆனால் மனசை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, அந்த மாதிரித்தான் பெரிய டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, இப்போது நான்தான் நோயாளி, என்னை விசாரியுங்கள் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அமுதவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வாஸ் ஃப்யூர்ட் ஸீ ட்ஸு உன்ஸ்?”

அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போனது. திரையில் டாக்டரம்மா பாதி வாய் திறந்தபடி சிலையாகிவிட்டார். பதில் இல்லை. மாதக்கணக்காக அந்த அறையில் அந்தக் கேள்வி விழுந்தால் பதில் சொல்வது ஒரே ஒரு ஆளுடைய வேலைதான். கேள்வி அந்தரத்தில் தொங்குவதைச் சென்னம்மாளின் காது தாங்கவில்லை.

“இக் ஹாபெ பௌக்சுமெர்சன்!”

அடுப்படியிலிருந்து முழுத் தொண்டையில் வந்தது பதில். பாழாய்ப்போன சிக்னலும் சரியாக அதற்கு முன்னால் உயிர் பிடித்துவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பெற்ற மகளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. சென்னம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாகக் குறுகினாள். மகளுடைய முதுகு விறைத்தது தெரிந்தது. வாசலில் ராணி “அய்யய்யோ” என்றாள்.

டாக்டரம்மா ஏதோ கேட்டார். அமுதவல்லி தலைகுனிந்து சன்னமாகப் பதில் சொன்னாள். “முட்டர்” என்ற சொல் சென்னம்மாள் காதில் விழுந்தது. அம்மா என்று அர்த்தம். காட்டிக்கொடுத்துவிட்டாள், கொடுக்க வேண்டியதுதான்.

“அம்மா, இங்க வா. உன்னையக் கூப்படறாங்க.”

திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சென்னம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். அமுதவல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

“உன்னையே நோயாளியா வெச்சு விசாரிக்கச் சொல்றாங்கம்மா. வா, உக்காரு. தினம் பண்றதுதானே?”

தினம் செய்வதுதான். ஆனால் திரைக்குள்ளிருந்து வெள்ளைக்கார அம்மாள் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்ததில்லையே. மகள் பழைய கேள்வியைக் கேட்டதும் சென்னம்மாளின் மண்டையில் அடுக்கிவைத்திருந்த அத்தனை நோயும் ஒன்றாகச் சரிந்தது. மூன்று நாளாக வயிற்றுவலி என்றாள். இடது கையில் வலி இறங்குகிறது என்றாள். மூச்சு முட்டுகிறது என்றாள். கடைசியில், தனக்கு மிகவும் பிடித்ததை விட மனசில்லாமல், “இக் பின் ஷ்வாங்கர்” என்று சேர்த்தாள். மாசமா இருக்கறனுங்க.

வாசலில் ராணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இதற்கு எந்தப் பாடத்திலும் பதில் இல்லை. அமுதவல்லி ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பயந்து, வியர்த்து, தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்து, மேலும் தப்புச் செய்யக் காத்திருக்கிற முகம். அவள் துப்பட்டா நுனியை விட்டாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தாள். இது எல்லாவற்றிலும் உங்களுக்கு அதிகத் தொந்தரவு எது? வயசு என்ன? நீங்கள் கர்ப்பமாக இருப்பதாக யார் சொன்னார்கள்?

கடைசிக் கேள்வி அவர்களுடைய ஒத்திகையில் இல்லாதது. அர்த்தம் தட்டுத்தடுமாறிப் புரிந்தது. பதிலுக்கு ஜெர்மன் இல்லை.

“நீதானே கண்ணு சொன்னே!” என்றாள் சென்னம்மாள் பரிதாபமாக.

அமுதவல்லி கண் சிமிட்டாமல் டாக்டரம்மா பக்கம் திரும்பி, “நான்தான் சொன்னேனாம்” என்று ஜெர்மனில் சொன்னாள். டாக்டரம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். அமுதவல்லியும் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி நோயாளியிடம் திரும்பினாள். அதற்கு மேல் அவள் பேச்சு தடங்கலாகத்தான் வந்தது. நிறுத்தினாள், தேடினாள், திருத்தினாள், கையால் காட்டினாள். கர்ப்பத்தை ஓரமாக வைப்போம், கையில் இறங்குகிற வலியை முதலில் பார்ப்போம், பயப்படாதீர்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றாள். சென்னம்மாளுக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. குழாயடியில் லைன் பெண்கள் குழந்தைக் காய்ச்சலைச் சொல்லும்போது அவள் பேசுவாளே, அதே குரல். அது அந்நிய மொழியில் வருவதை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

பிறகு டாக்டரம்மா பேசினார். அவர் சொன்னது சென்னம்மாளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. நாம் இப்போதே தெரிந்துகொண்டால் குற்றமில்லை. “பரீட்சையில் நோயாளியாக நடிக்க வருகிறவர்கள் ஒரே நோயை வரிசையாகச் சொல்வார்கள். என் வார்டுக்கு வருகிறவர்கள் உங்கள் அம்மா மாதிரித்தான் சொல்வார்கள், பயத்தில், எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பி. முதலில் என்னிடம் பேசிய பெண்ணை நான் எடுத்திருக்க மாட்டேன். அம்மாவிடம் பேசிய டாக்டர் எனக்கு வேண்டும். எப்போது வருகிறீர்கள்?”

அமுதவல்லி அழுதாள். சென்னம்மாளுக்கு உலகமே இருண்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாகிவிட்டது. அவள் எழுந்து திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“ஏனுங்க, தப்பு எம்மேலதானுங்க. எம்பட வாயி அப்பிடி. புள்ள நல்லா படிச்ச புள்ளைங்க. ராத்திரி பகல்னு படிச்சாளுங்க. அவளைத் தள்ளிப்போடாதீங்க.”

“அம்மா, அம்மா” என்று அமுதவல்லி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “வேலை கெடைச்சிருச்சும்மா. எப்ப வர்றேன்னு கேக்கறாங்க. உன்னாலதாம்மா கெடைச்சுது.”

சென்னம்மாள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. மகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கேட்டது காதுக்குள் போய் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும், கெஞ்சுகிறவளாக நின்றவள் முதுகை நிமிர்த்தினாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேராக உட்கார்ந்தாள்.

“அப்பிடின்னா நான் ஒண்ணு சொல்லோணும். சொல்லு கண்ணு அவங்ககிட்ட. இவளுக்குப் பசின்னா வாயத் தொறந்து கேக்கத் தெரியாது. வேலை செஞ்சுட்டே கெடப்பா. நீங்கதான் சாப்பிட்டயான்னு கேக்கோணும்னு சொல்லு.”

“அம்மா, இதெல்லாம் போயி…”

“சொல்லுன்னா சொல்லு. புள்ளைய அனுப்பறவ நான்.”

அமுதவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். இந்தத் தடவை ஒரு சொல்லையும் தேடவில்லை. டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டார். நெஞ்சில் கையை வைத்தார்.

“யா” என்றார், சென்னம்மாளைப் பார்த்து.

அதைச் சென்னம்மாளுக்கு யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். வாசலில் ராணி நின்றிருந்தாள், லைன் முனையிலிருந்து மாதேஷ் ஓடி வந்துகொண்டிருந்தார்.

“என்ர புள்ள சீமைக்கு டாக்டராப் போறா!”

கீழ்க்காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்கள்.