ஈட், சிட், கம்

ஈட்... ஈட் ஃபாஸ்ட்... இன்னும் எத்தனை தரம்தான் இதையே சொல்வது, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மகள் கனிஷ்கா விழித்த விழியைப் பார்க்கச் சரிதாவுக்குக் குமட்டியது, முட்டையால் அல்ல, தன் வாயால். வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பி ஒரு வருஷமாகிறது, புருஷன் குணசீலன் அன்றைக்கே வீட்டுக்குள் தமிழ் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டான், நம்மளாட்டத் தலையக் குனிஞ்சுட்டு நிக்கோணுமா அவளும் என்றான், அதுவும் பொய்யில்லையே, கரூர் கம்பெனி இன்டர்வியூவில் வாய் திறக்காமல் திரும்பி வந்தவள்தானே இவள்... சரியென்று மண்டையை ஆட்டினாள். ஆட்டினாளே, இவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எத்தனை? ஈட், சிட், கம், கோ, டோன்ட். ஐந்து வயதுப் பிள்ளையோடு ஒரு வருஷமாகப் பேசியது இவ்வளவுதான், த்தூ.

முன்வாசலில் குணசீலன் நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தான், டைகர், கம்... சிட்... ஈட். அதே சொல், அதே அதட்டல். பக்கத்து ஊர்ச் சந்தையைத் தாண்டிப் போகாதவர்கள்கூட நாயிடம் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள், அது என்ன எழவோ, எருமைக்கு மட்டும் தமிழ்... விடியற்காலையில் கட்டுத்தரையில் எருமைக்கன்றின் கழுத்தைச் சொறிந்தபடி, ஏஞ்சாமி, கொசு கடிச்சுப்போட்டுதா கண்ணு என்று இவள் வாய் ஓயாமல் கொஞ்சியது ஞாபகம் வந்து உடம்பெல்லாம் கூசியது. பிள்ளை அப்போது ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாளோ? கனிஷ்கா ஓங்கரித்தாள், சீருடை முழுக்க முட்டையும் பாலும், புளித்த வாடை. ஒண்ணுமில்ல சாமி என்று தொண்டை வரைக்கும் வந்தது, குணசீலன் திரும்பிப் பார்த்தான், நாக்கோ டர்ட்டி, கோ வாஷ் என்றது. சீ, இதுவும் ஒரு நாக்கா.

பிள்ளை அழவில்லை. சாரி மம்மி என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போகிறாளென்று பார்த்தால் கட்டுத்தரைக்குள் நுழைந்து கன்றை ஒட்டி நின்றுகொண்டாள்.

“அம்மா, இங்க வந்து திட்டுங்க.”

சரிதா பின்கதவுப் படியில் நின்றாள். இங்கே வந்தா, ஏன் இங்கே... இங்கேதானே இவள் வாயில் தமிழ் வரும், ஜன்னலில் நின்று பார்த்துத்தான் இருக்கிறாள். தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. வாரேன் சாமி என்றுதான் சொல்ல நினைத்தாள், வாயைத் திறந்ததும் வந்தது, கம். பிள்ளை அசையவில்லை. டைகர்தான் முன்வாசலிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து சரிதாவின் காலடியில் உட்கார்ந்தது.